யார் முதுகில் கூடாரம்?

சென்ற மாதம் ஒரு நூல் விமர்சனக் கூட்டம் முடிந்து தேநீர்க்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். புதிதாக ஒரு கூடாரம் வாங்கியிருப்பதாகச் சொன்னது என் தவறு. அதன் எடை ஒன்றேகால் கிலோதான் என்று பெருமையாகச் சேர்த்துக்கொண்டது அதைவிடப் பெரிய தவறு. கவிஞரும் நெடுநாள் நண்பருமான ஒருவர் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கிராம் கணக்குப் பார்த்து மலையேறுவதெல்லாம் அமெரிக்க நுகர்வுக் கலாச்சாரத்தின் மோஸ்தர், பேராசிரியரே. நம் முன்னோர் பாறையடியில் படுத்து எழுந்து போனார்கள்" என்றார். சுற்றி நின்ற நாலைந்து பேர் தலையசைத்தார்கள். சிற்றிதழ் வட்டாரத்தில் 'நுகர்வு' என்ற சொல்லைச் சொல்லிவிட்டால் விவாதம் பாதி முடிந்துவிடுகிறது. எனக்கும் அன்று கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அன்று சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன். நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டாம், மறுத்து எழுதட்டும்.

முதலில் அந்த 'அமெரிக்க மோஸ்தர்'. 1955இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பெண்மணி, பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர், கணவனிடம் ஆண்டுக்கணக்கில் அடிவாங்கி விவாகரத்துப் பெற்றவர், அப்பலேச்சியன் நெடும்பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். மே மாதம் ஜார்ஜியாவில் தொடங்கி செப்டம்பரில் மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் சிகரத்தில் முடிந்த நடை அது. தூரம் மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அவரிடம் கூடாரமே இல்லை. தன் கையால் தைத்த ஒரு துணிப்பை, ஒரு கம்பளி, மழைக்குக் குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை, காலில் சாதாரணக் கேன்வாஸ் காலணி, அவ்வளவுதான். அதே பாதையை அவர் 1957இல் மறுபடியும் நடந்தார். இதில் நுகர்வு எங்கே இருக்கிறது? அந்தக் குளியலறைத் திரையைப் போல நுகர்வைக் கேலி செய்த பொருள் வேறொன்று இருக்க முடியாது என்றே எனக்குப் படுகிறது.

இரண்டாவது ரே ஜார்டின். பாறையேறுவோர் பயன்படுத்தும் 'ஃப்ரெண்ட்ஸ்' என்ற கருவியை உருவாக்கியவர். பசிபிக் க்ரெஸ்ட் நெடும்பாதையை மனைவி ஜென்னியுடன் நடந்து, 1992இல் அதற்கொரு கையேடு எழுதினார். கடைக்காரன் விற்கும் கனமான பையையும் கனமான கூடாரத்தையும் வாங்காதே, நைலான் துணி வாங்கி நீயே ஒரு விதானம் தைத்துக்கொள் என்பது அவர் சொன்னதன் சாரம். தையல் இயந்திரம் இருக்கும் எந்த வீட்டிலும் செய்யக்கூடிய காரியம். எடை குறைப்பு என்ற இயக்கம் கடைக்கு எதிராகப் பிறந்தது என்பதுதான் வரலாறு. நண்பர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் கடை சும்மா இருக்குமா? எதிர்ப்பையே சரக்காக்கி விற்பது அதற்குக் கைவந்த கலை. 1992 அமெரிக்கா கோப்பைப் படகுப் போட்டியில் 'அமெரிக்கா கியூப்ட்' என்ற படகின் பாய்களுக்காக உருவாக்கிய ஒரு மெல்லிய துணி, 'க்யூபன் ஃபைபர்' என்ற பெயரில் கூடாரங்களுக்கு வந்தது. இப்போது அதற்கு டைனீமா கூட்டுத்துணி என்று பெயர். தண்ணீரை உறிஞ்சாது, நனைந்தாலும் தொய்யாது. அரைக் கிலோவை ஒட்டிய எடையில் இருவர் படுக்கும் கூடாரம் அதில் கிடைக்கிறது. விலை அறுநூறு டாலருக்கும் மேல். எங்கள் கல்லூரியின் கௌரவ விரிவுரையாளர் ஒருவரின் மாதச் சம்பளம் அதைவிடக் குறைவு. இந்த இடத்தில் மட்டும் நண்பரின் பக்கம் நானும் நிற்கிறேன். பல் துலக்கும் தூரிகையின் காம்பை அறுத்து நாலு கிராம் குறைத்துவிட்டு, பையில் மூன்று பவர்பேங்குகளும் கேமராவுக்கு இரண்டு லென்சுகளும் வைத்துக்கொண்டு ஏறுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

விற்பவர்களின் கணக்கு வழக்கும் அப்படித்தான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் 'குறைந்தபட்ச எடை'. உள்கூடு, மேல்விரிப்பு, கழிகள் இவை மட்டுமே அதில் சேரும். முளைகளும் இழுகயிறும் உறையும் கணக்கில் வராது. முளை இல்லாமல் கூடாரத்தை எதில் கட்டுவது? காற்றிலா? கட்டுமொத்த எடை என்று கீழே சின்ன எழுத்தில் இன்னொரு எண் இருக்கும். அதையும் நம்பாமல், வாங்கியவுடன் பக்கத்து மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்ப்பது உத்தமம். நான் பார்த்தேன். அண்ணாச்சி, "எத்தனை பேர் படுக்கலாம் சார்?" என்று கேட்டார். இருவர் என்றேன். ஒருமுறை கூடாரத்தையும் ஒருமுறை என்னையும் பார்த்தார்.

"நம் முன்னோர்" என்ற வாதத்திற்கு வருகிறேன். பண்பாட்டு விவாதங்களில் முன்னோர் எப்போதும் நமக்கு வசதியானதையே செய்திருப்பார்கள். நப்பூதனாரின் முல்லைப்பாட்டை நண்பர் ஒருமுறை எடுத்துப் படிக்கட்டும். காட்டை வெட்டி அமைத்த பாசறையை அந்தப் பாட்டு எவ்வளவு நுட்பமாகக் காட்டுகிறது! வில்லை ஊன்றி அதில் அம்பறாத்தூணியைத் தொங்கவிடுகிறார்கள். கால்நட்டுக் கயிறு இழுத்து இருப்பிடம் செய்கிறார்கள். ஈட்டிகளை நட்டுக் கேடயங்களை வரிசையாக வைத்து வேலியாக்குகிறார்கள். அரசனின் பள்ளியறையைக் கயிற்றில் கட்டிய திரையொன்று இரண்டாகப் பிரிக்கிறது. போருக்குக் கொண்டுவந்த வில்லே தூணாகவும் நிற்கிறது. ஒரு பொருளை இரண்டு வேலைக்குப் பயன்படுத்து, தனியாக ஒரு கழியைச் சுமக்காதே என்பதுதானே இன்றைய இலேசான கூடாரத்தின் அடிப்படையும்? நடக்கும்போது கையில் ஊன்றிவரும் கோலே இரவில் கூடாரத்தின் நடுத்தூணாகிவிடுகிறது. முன்னோர் எல்லாரும் பாறையடியில் படுக்கவில்லை. கூடாரமும் அடித்தார்கள், புத்தியோடு அடித்தார்கள்.

என் உண்மையான சண்டை நண்பரோடு மட்டுமன்று. அமெரிக்க நடையர்களின் சிபாரிசுகளை அப்படியே தமிழில் ஒப்பிக்கும் இளைஞர்களோடும்தான். கலிபோர்னியாவின் சியெரா நெவாடாவில் கோடை முழுக்கப் பெரும்பாலும் வறண்ட வானம். அங்கே நல்ல கூடாரம் என்பதற்கு அர்த்தம் வேறு. நம்மவர்கள் அதை எங்கே கொண்டுபோய் விரிக்கிறார்கள்? தமிழகக் காடுகளில் நினைத்த இடத்தில் இரவு தங்க அனுமதி கிடையாது. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 தடங்களும் பெரும்பாலும் ஒரே நாளில் போய்த் திரும்புபவை. ஆக நம் கூடாரம் விரிவது இமயத்தில், அதிலும் கல்லூரி விடுமுறைக்கும் அலுவலக விடுப்புக்கும் தோதான மழை மாதங்களில்.

ஹிமாச்சலத்தின் ஹம்ப்டா கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் சுமார் 4,270 மீட்டர். 2019 ஜூலையில் நான் போனேன். குலு பக்கம் பச்சை, ஓயாத தூறல். கணவாயைத் தாண்டி லாகுல் பக்கம் இறங்கினால் மழைமறைவுப் பிரதேசம், மொட்டைப் பாறை, வறண்ட காற்று. ஒரே நடையில் இரண்டு தேசங்கள். சிக்காவில் கூடாரம் போடும்போதே மழை. உள்கூட்டை முதலில் நிறுத்திவிட்டு மேல்விரிப்பைப் பிறகு போர்த்துகிற அமைப்பில், போர்த்தி முடிப்பதற்குள் படுக்குமிடம் குளமாகிவிடுகிறது. மேல்விரிப்பு முதலில் நிற்கும் அமைப்பாக இருந்தால் அதன் அடியில் நின்றுகொண்டு உள்கூட்டை நிதானமாக மாட்டலாம். இந்த ஒரு விஷயம் இருநூறு கிராமை விட முக்கியமானது. ஆனால் எண்ணாக எழுத முடியாததால் விளம்பரத்தில் அதற்கு இடமில்லை.

அடுத்தது மூச்சு. ஓர் இரவில் ஒருவர் மூச்சாலும் வியர்வையாலும் வெளிவிடும் ஈரம் சில நூறு மில்லி இருக்கும். ஒற்றைச் சுவர்க் கூடாரத்தில் அது குளிர்ந்த துணியில் பட்டு நீராகி முகத்தில் சொட்டும். வெளியே மழை என்று வாசலை அடைத்தால் உள்ளே மழை பெய்யும். இரட்டைச் சுவரானால் ஈரம் வெளிவிரிப்பில் தங்கிவிடும், நடுவில் இருக்கும் வலை நம்மைக் காப்பாற்றும். நைலான் நனைந்தால் நீரை உறிஞ்சித் தொய்யும். நள்ளிரவில் எழுந்து கயிற்றை இழுத்துக் கட்டவேண்டும். பாலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது. பாலு கா கேராவில் இன்னொரு பாடம். பெயரிலேயே மணல் இருக்கிறது. ஊன்றுகோலை நம்பி நிற்கும் கூடாரத்திற்கு முளைதான் உயிர், மணலிலோ முளை நிற்காது. கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றிக் கட்டவோ, முளையைக் கிடையாகப் புதைத்து மேலே பாறையை ஏற்றவோ தெரிந்திருக்க வேண்டும். தானே நிற்கும் வளைகழிக் கூடாரம் இந்தத் தெரிதலைக் கேட்பதில்லை. அதற்குக் கூலியாக அரைக் கிலோ கூடுதலாக வாங்கிக்கொள்கிறது.

தமிழில் 'நொய்மை' என்று ஒரு சொல் உண்டு. கனமின்மைக்கும் அதுதான், உறுதியின்மைக்கும் அதுதான். வகுப்பில் பலமுறை பொருள் சொல்லியிருக்கிறேன். மெல்லிய அடிவிரிப்பைக் கூர்ங்கல்லின் மேல் விரித்த அன்றுதான் எனக்கே விளங்கியது. உயரத்தில் வெயிலும் நைலானைத் தின்றுவிடும். பகலில் விரித்தே வைத்திருந்தால் சில பருவங்களில் துணி சாயம்போய்க் கிழியும்.

இதெல்லாம் வாங்கும் விஷயம். எடையின் விஷயத்தை இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

அந்த 2019 நடையில் என் முதுகில் கூடாரம் இல்லை. எங்கள் குழுவில் யார் முதுகிலும் இல்லை. ஏற்பாட்டாளர்கள் தந்த மூவர் கூடாரங்கள், ஒவ்வொன்றும் நான்கு கிலோவுக்குக் குறையாது, கோவேறு கழுதைகள் மேலும் சுமையாட்கள் முதுகிலும் எங்களுக்கு முன்பே போய்விடும். நாங்கள் போய்ச் சேரும்போது விரித்துத் தயாராக இருக்கும். கூடாரத்தின் எடையைப் பற்றி அப்போது எனக்கு ஓர் அபிப்பிராயமும் இருந்ததில்லை. நண்பரைப் போலவே பெருந்தன்மையாக இருந்தேன். கணவாய்க்குக் கீழே ஒரு பாறையில் கூடாரக் கட்டைச் சாய்த்து வைத்துவிட்டு ஒரு பையன் நின்றிருந்தான். என் மாணவர்களின் வயது இருக்கும். முந்தின இரவு மழையில் நனைந்த இரண்டு கூடாரங்கள், காயவைக்க நேரமில்லாமல் அப்படியே சுருட்டியவை. பிளாஸ்டிக் கயிறுதான் தோள்பட்டி. என் அரைகுறை இந்தியில் எவ்வளவு கனம் என்று கேட்டேன். தூக்கிப் பாருங்கள் சார் என்று சிரித்தான். தோளில் மாட்டி எழ முயன்றேன். இடது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவன் வாங்கி மாட்டிக்கொண்டு, நான் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் வளைவைத் தாண்டிவிட்டான்.

அவர்களுக்கு அது பிழைப்பு, நீ சுமந்தால் அவன் கூலி போகுமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நேபாளத்தில் மலையேற்றச் சுமையாளுக்கு 30 கிலோ, கிளிமஞ்சாரோவில் 20 கிலோ என்று வரம்புகள் சொல்லப்பட்டிருக்கின்றன. வரம்பு எவ்வளவாக இருந்தாலும் அதற்குள் அடங்குவது நம் பொருள்களின் கூட்டுத்தொகைதான். கூடாரம் இரண்டு கிலோ குறைந்தால் அவன் கூலி குறைய வேண்டிய அவசியம் ஏதுமில்லை, பாரம்தான் குறையும். ஏற்பாட்டாளர்களிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வி இது. பதிலாக நாம் கேட்பது, இரவுச் சாப்பாட்டில் இனிப்பு உண்டா என்பது. எடை பார்ப்பது அற்பம் என்கிற தத்துவம் எப்போதும் சுமக்காதவனின் தத்துவமாகவே இருப்பதை நண்பர் யோசிக்க வேண்டும். வசதியான வீட்டில் சமைக்காதவர்கள் ருசியில் பற்றற்றிருப்பது மாதிரி.

நான் வாங்கியது ஊன்றுகோலில் நிற்பது, இரட்டைச் சுவர், பாலியெஸ்டர், மேல்விரிப்பு முதலில் எழுவது. டைனீமா என் சக்திக்கு மீறியது. மாணவர்கள் கேட்டால் இதைக்கூட வாங்கச் சொல்லமாட்டேன். டெகத்லான் போன்ற கடைகளில் கிடைக்கும் இரண்டரைக் கிலோ அளவிலான இருவர் கூடாரத்தை இரண்டு பேர் சேர்ந்து வாங்கி, ஒருவர் துணியையும் ஒருவர் கழியையும் முளையையும் சுமந்தால் தலைக்கு ஒன்றேகால் கிலோதான் வருகிறது. என் கூடாரத்தின் அதே எடை, செலவில் சிறு பங்கு. தனியாக நடக்கிறவனுக்குத்தான் இலேசு அதிக விலை கேட்கிறது. மொட்டைமாடியில் நாலைந்து முறை போட்டுப் பிரித்துப் பழகாமல் எதையும் மலைக்குக் கொண்டுபோக வேண்டாம். நான் முதல்முறை போட்டபோது நாற்பது நிமிடம் ஆனது. கீழ்வீட்டுக்காரர் வடாம் காயப்போட வந்து, வேறு மாடி தேடிப் போனார்.

அடுத்த செப்டம்பரில், மழை ஓய்ந்தபின், மறுபடி ஹம்ப்டாவுக்குப் போவதாக இருக்கிறேன். குழுவில்லை, கழுதையில்லை. கூடாரம் இருவருக்கானது, இன்னோர் இடம் காலியாக இருக்கிறது. கவிஞரை அழைத்திருக்கிறேன். வழியில் பாறையடி கிடைத்தால் அவர் அங்கேயே படுத்துக்கொள்ளட்டும். என்னோடு படுப்பதானால் உள்கூடும் முளையும் அவர் பையில் வரவேண்டும், அறுநூறு கிராம். இன்னும் பதில் வரவில்லை.