கல் வேண்டாம், காகிதம் கேளுங்கள்

போன வருஷம் மழைக்காலத்தில் நம் விடுதித் தோழர் ஒருவர் கைப்பந்து ஆடும்போது வழுக்கி விழுந்து முன்கையை முறித்துக்கொண்டார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை. இங்கே வந்து இரண்டு மாதந்தான் ஆகியிருந்தது. இந்தி அறவே தெரியாது. ஊருக்குள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எலும்பைச் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டார்கள். இரவு பத்து மணிக்கு விரல்கள் வீங்கின. வலி பொறுக்க முடியவில்லை என்றார். பணியில் இருந்தவர், கட்டுப் போட்டால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போனார். நடுநிசிக்குமேல் விரல்கள் மரத்துப்போயின. விடிந்தபின் வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய்க் கட்டைப் பிரித்தபோது காலம் கடந்துவிட்டது. இன்று அவருக்கு மூன்று விரல்கள் முழுவதும் மடங்குவதில்லை. படிப்பதோ பொறியியல்.

செய்தி கேட்ட மாலையில் நம்மில் முப்பது பேர் அந்த ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றோம். கையில் கல் இருந்தது. ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்தது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். பலன் என்ன? குற்றவாளிகள் நாமானோம். வார்டன் போலீஸ் நிலையத்தில் மன்றாடி நம்மை மீட்டு வந்தார். அன்று நாம் கேட்டிருக்க வேண்டிய ஒன்றை முப்பது பேரில் ஒருவரும் கேட்கவில்லை. இரவு எத்தனை மணிக்கு யார் வந்து பார்த்தார்கள், விரல்களைச் சோதித்தார்களா, பெரிய டாக்டருக்குச் சொல்லி அனுப்பினார்களா என்பதெல்லாம் எழுதியிருக்கும் சிகிச்சைக் குறிப்பு எங்கே? தோழர் கையில் இருந்தது பில் ஒன்றுதான்.

நண்பர்களே, அந்தக் குறிப்பைக் கேட்பது யாசகமல்ல. 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் வகுத்த நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் குறிப்புகளை டாக்டர் 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவருடைய அனுமதி பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். எழுத்தில் கேளுங்கள், பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்குங்கள். வக்கீலைத் தேடுவது அதற்குப் பிறகு. குறிப்பு இல்லாத வழக்கு வாய்ச்சண்டையாகத்தான் முடியும்.

எலும்பு முறிவென்றதும் ஒரு பழைய வழக்கு ஞாபகம் வருகிறது. சட்டம் படிக்கும் தோழர் சொல்லித் தெரிந்துகொண்டேன். 1953 மே மாதம் ரத்னகிரி மாவட்டத்துக் கடற்கரையில் இருபது வயது வாலிபன் ஒருவனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. நம் வயதுதான். பூனாவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே மயக்க மருந்து கொடுக்காமல், அளவுக்கு மீறிய பலத்தோடு காலை இழுத்து எலும்பைச் சேர்த்தார்கள். அந்த அதிர்ச்சியில் அன்றே பையன் மாண்டான். தகப்பனார் கோர்ட்டுக்குப் போனார். 1968-இல் சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கமே தீர்ப்பளித்தது. நோயாளியை ஏற்பதா என்று முடிவு செய்வதிலும், எந்தச் சிகிச்சை என்று தீர்மானிப்பதிலும், அதைச் செய்யும் முறையிலும் டாக்டருக்குக் கவனக் கடமை உண்டு. தவறினால் வழக்குத் தொடரலாம் என்று அது சொல்லிற்று. பதினைந்து வருஷம் காத்திருந்த அந்தத் தகப்பனாரை நினைத்தால், ஒரு கல்லை வீசிவிட்டுத் திரும்பிய நம் வீரம் வெட்கமாயிருக்கிறது.

அதற்காக, நோயாளி பிழைக்காவிட்டால் டாக்டர் குற்றவாளி என்று எண்ணுவது மடமை. நல்ல டாக்டர் நல்ல முறையில் செய்த சிகிச்சையும் சில வேளை பலிக்காது. அந்தத் துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் செய்யக்கூடியதைச் செய்தாரா என்பதே அளவுகோல். சிறைக்கு அனுப்ப அதுவும் போதாது. அஜாக்கிரதை மிகக் கொடியதாக இருக்க வேண்டும், வழக்கு நடத்துமுன் வேறொரு தகுதியுள்ள டாக்டரின் அபிப்பிராயம் வேண்டும் என்று 2005-இல் சுப்ரீம் கோர்ட்டு வரையறுத்தது. இது நியாயமென்றே நான் கருதுகிறேன். விலங்குக்கு அஞ்சும் டாக்டர் கடினமான நோயாளியைத் தொடமாட்டார்.

ஆனால் நஷ்ட ஈட்டுக்கு வழி தாராளமாகவே இருக்கிறது. பணம் வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995-இல் தீர்ப்பாயிற்று. சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரியில் இலவச நோயாளிக்கும் அந்த உரிமை உண்டு. எல்லோருக்கும் இலவசமான ஆஸ்பத்திரியென்றால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். 1963-இல் ஔரங்காபாத் அரசாங்க ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் துணியை விட்டுத் தைத்ததால் ஒரு பெண் இறந்தாள். அதற்கு ராஜ்ய சர்க்காரே பொறுப்பு என்று 1996-இல் முடிவாயிற்று. மருத்துவக் கவுன்சிலிடமும் முறையிடலாம். அது டாக்டரின் பதிவில் கைவைக்கும், பணம் வாங்கித் தராது.

வெளியூரில் படிக்கும் நாம் முக்கியமாக அறியவேண்டியது இன்னொன்று. இந்த ஊரில் நடந்த தவறுக்கு இந்த ஊரில்தான் வழக்காட வேண்டும் என்பதில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டம், மனுதாரர் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்க இடம் தந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. கெடு இரண்டு வருஷம். பரீட்சை முடியட்டும், விடுமுறை வரட்டும் என்று தள்ளிப்போட்டே அந்த இரண்டு வருஷத்தைத் தொலைக்கிறவர் பலர்.

கையெழுத்து விஷயத்தில் நாம் செய்யும் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்று இந்தியில் அச்சடித்த தாளை நீட்டினார்கள். தோழருக்குப் படிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. இருந்தும் 'உறவினர்' என்று நான் கையெழுத்திட்டேன்! நினைவோடிருக்கும் வயதுவந்த நோயாளிக்கு விஷயத்தை விளக்கி அவரிடமே சம்மதம் பெற வேண்டும். உயிர் போகும் அவசரம் இல்லாதபோது பிறர் சம்மதம் அதற்கு ஈடாகாது என்று 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று சொல்கிறது. இனி யார் தாளை நீட்டினாலும், படித்துச் சொல்ல மொழி தெரிந்த ஒருவரை அழைத்து வருவோம். நம் சங்கத்தில் அத்தகைய மூத்த மாணவர்கள் இல்லாமலா போனார்கள்?

தோழரின் தகப்பனார், "வம்பு வேண்டாம், படிப்பைப் பார்" என்று கடிதம் எழுதியிருக்கிறார். தோழருக்கும் இன்னும் மனம் திடப்படவில்லை. என்றாலும் சென்ற வாரம் இருவரும் அந்த ஆஸ்பத்திரிக்கு நடந்து போய், குறிப்புகள் கேட்டு எழுதிய கடிதத்தைக் கொடுத்தோம். வாங்கிக்கொண்ட குமாஸ்தா என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். நகலில் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டு, கண்ணாடிக்கு 1,800 ரூபாய் ஆயிற்று என்றார். அதைத் தவணையில் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன்.