ஆழ்கடல் உயிருக்குக் கரையின் மொழியில் ஓர் இனங்காண் குறிப்பு

2020-ஆம் ஆண்டு ஜூலையில் ஓர் ஆழ்கடல் உயிரின் படம் உலகெங்கும் பகிரப்பட்டது. ஜாவாத் தீவின் தென்கரைக்கு அப்பால், 2018-இல் இந்தோனேசிய, சிங்கப்பூர் ஆய்வாளர்கள் கூட்டாக நடத்திய பயணத்தில் கிடைத்த உயிர் அது. 30 செ.மீ.க்கும் மேல் வளரும் அதற்கு ஆய்வாளர்கள் இட்ட பெயர் ‘பாத்தினோமஸ் ராக்சாசா’. தமிழ்ச் செய்திகள் அதனை ‘ராட்சதக் கடல் கரப்பான் பூச்சி’ என்று அறிமுகம் செய்தன.

இந்தத் தொடரில் ஒரு சொல் மிகச் சரி. மற்றொன்று முழுப் பிழை. ‘ராக்சாசா’ என்பது இந்தோனேசிய மொழியில் பேருருவம் உடையதைக் குறிக்கும். வடமொழியிலிருந்து அங்குச் சென்ற அதே சொல்தான் தமிழில் ‘ராட்சத’ என்று வழங்குகிறது. ஆகவே செய்தியாளர் அறியாமலே அந்த உயிரின் அறிவியல் பெயரைத் தமிழில் எழுதிவிட்டார். ‘கரப்பான் பூச்சி’ என்பது அவ்வாறன்று. கரப்பான் ஆறு கால்களை உடைய பூச்சி. பாத்தினோமஸின் நடைகால்களோ பதினான்கு. அது இறால், நண்டு ஆகியவற்றைப் போல ஓட்டுடலிகளைச் சேர்ந்தது. ஈரமான பூந்தொட்டியின் அடியில் ஒளிந்து வாழும், தொட்டால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சாம்பல்நிறச் சிற்றுயிரைப் பலர் கண்டிருப்பர். பாத்தினோமஸ் அதன் நெருங்கிய உறவு. இரண்டும் ஐசோபாடா என்னும் வரிசைக்குரியவை.

இப்பிழைக்குச் செய்தியாளரை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. அவர் எடுத்துப் பார்ப்பதற்குத் தமிழில் ஒரு வாக்கியமும் இல்லை. சிற்றினத்தின் விவரிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. செய்தி முகமைகளின் உவமையும் ஆங்கிலத்தில் இருந்தது. உவமை எளிதாக இருந்ததால் அது தமிழுக்கு வந்தது. விவரிப்பு வரவில்லை.

இந்தக் குறைக்கான தீர்வு விலங்கியலாளர்களின் சொந்த விதிநூலிலேயே உள்ளது. 2000-ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ள சர்வதேச விலங்கியல் பெயரிடல் நெறிமுறையின் நான்காம் பதிப்பில், 13-ஆம் பிரிவை ஒட்டி ஒரு பரிந்துரை இடம்பெற்றிருக்கிறது. புதிய உயிரினத்தின் இனங்காண் குறிப்பை விலங்கியலில் பரவலாக வழங்கும் மொழியில் வெளியிட வேண்டும் என்று அது கூறுகிறது. அத்துடன், அவ்வுயிரினத்துக்குரிய நிலப்பகுதியில் வழங்கும் மொழிகளிலும் அக்குறிப்பைத் தர வேண்டும் என்றும் கூறுகிறது. இது கட்டாயமன்று, பின்பற்றாவிட்டாலும் பெயர் செல்லும். அதனால்தான் முதற்பாதி எங்கும் பின்பற்றப்படுகிறது. இரண்டாம் பாதி ஏறத்தாழ எங்கும் மறக்கப்படுகிறது. வங்காள விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் அரபிக்கடலிலும் புதிய சிற்றினங்களை விவரிக்கும் இந்திய ஆய்வாளர்கள் அந்த இரண்டாம் பாதியைத் தம் கடமையாகக் கொள்ள வேண்டும்.

இனங்காண் குறிப்பு என்பது யாது? ஒரு சிற்றினத்தை விவரிக்கும் கட்டுரையில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது, உடலுறுப்புகளை முனை முதல் முனை வரை சொல்லும் நீண்ட விவரிப்பு. இரண்டாவது, நெருங்கிய உறவினங்களிலிருந்து இச்சிற்றினத்தைப் பிரித்தறிய உதவும் பண்புகளை மட்டும் சில வாக்கியங்களில் தொகுக்கும் குறிப்பு. பெயர் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு வகைமாதிரியோடு பிணைக்கப்பட்டது. அந்த மாதிரியை நேரில் காண இயலாத பிறர், தம் கையிலுள்ள உயிர் அதுதானா என்று முடிவுசெய்ய முதலில் நாடுவது இந்தச் சில வாக்கியங்களையே.

இந்த வாக்கியங்கள் போதாதபோது என்ன நேரும் என்பதற்குப் பாத்தினோமஸின் வரலாறே சான்று. 1879-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் அல்போன்ஸ் மில்ன்-எட்வர்ட்ஸ், மெக்சிகோ வளைகுடாவில் கிடைத்த ஒரே ஓர் இளம் ஆணுயிரியைக் கொண்டு ‘பாத்தினோமஸ் ஜைகான்டியஸ்’ என்னும் சிற்றினத்தை நிறுவினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்னும் ஆய்வுக்கப்பல் வங்காள விரிகுடாவின் ஆழத்திலிருந்து எடுத்த பேருயிர்களை உட்-மேசனும் ஆல்காக்கும் அதே பெயரின் கீழ்ச் சேர்த்தனர். 1908-இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் வெளியீட்டில் ஆர். ஈ. லாயிட் எழுதிய உள்ளுடற்கூற்றியல் ஆய்வும் அப்பெயரையே தாங்கி வந்தது. அன்று ஒப்பிடுவதற்கு வேறு மாதிரிகள் அரிதாக இருந்தமையால் அவர்களைப் பழிப்பதற்கில்லை. ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, இந்தியக் கடலின் உயிர் ஓர் அட்லாண்டிக் உயிரின் பெயருக்குள் மறைந்து கிடந்தது. 2006-இல் லௌரியும் டெம்சியும் இந்தோ-மேற்குப் பசிபிக் பகுதியின் பாத்தினோமஸ்களை மறு ஆய்வு செய்தபின் நிலைமை மாறியது. ஜைகான்டியஸ் மேற்கு அட்லாண்டிக்குக்கு உரியது என வரையறுக்கப்பட்டது. இந்தியக் கடற்பகுதிக்குரியது ‘பாத்தினோமஸ் கீப்ளேயி’ என்று தனியே விவரிக்கப்பட்டது.

ஜைகான்டியஸின் சொந்த வீட்டிலேயே மற்றொரு பிழை காத்திருந்தது. மெக்சிகோவின் யுகட்டான் தீவக்குறைக்கு அப்பால் 2017-இல் பிடிபட்டு ஜப்பானின் எனோஷிமா மீன்காட்சியகத்துக்கு வந்த ஓர் உயிர், ஜைகான்டியஸினும் மெலிந்த உடலும் நீண்ட உணர்கொம்புகளும் உடையதாக இருந்தது. மரபணு வரிசைகளும் வேறுபட்டன. 2022-இல் அது ‘பாத்தினோமஸ் யுகட்டானென்சிஸ்’ என்று பெயர்பெற்றது. வால்தகட்டின் முட்களை மட்டும் எண்ணிப் பார்ப்பவர் இரண்டையும் ஒன்றென்றே கொள்வர் என்று விவரித்தவர்கள் எச்சரித்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜைகான்டியஸ் மாதிரிகள் ஆராயப்பட்டிருந்தும் இந்த ஐயம் முன்னர் எழவில்லை.

இத்தகைய நுண்வேறுபாடுகளைத் தமிழ் தாங்குமா என்று கேட்போர் உண்டு. பாத்தினோமஸ் பேரினத்தின் பொதுவமைப்பைத் தமிழில் சொல்லிப் பார்ப்பதே இதற்கு நேரான விடை:

“உடல் நீள்முட்டை வடிவினது, மேற்புறம் குவிந்தது. தலையை அடுத்து மார்புக்கண்டங்கள் ஏழு. ஒவ்வொன்றிலும் ஓர் இணை நடைகால்கள். முன் மூன்று இணைகள் இரையைப் பற்றுவதற்கேற்ப வளைந்தவை. பின் நான்கு இணைகள் நடப்பதற்குரியவை. கூட்டுக்கண்கள் பெரியவை, ஏறத்தாழ முக்கோண வடிவின. உணர்கொம்புகள் இரண்டு இணைகள்; முதல் இணை குறியது, இரண்டாம் இணை நெடியது. வயிற்றுப்பகுதியில் தனித்த கண்டங்கள் ஐந்து. அவற்றின் கீழ் ஐந்து இணை நீந்துகால்கள். நீந்துகால்களின் அடியில் கிளைத்த செவுட்கொத்துகள். இறுதிக் கண்டம் வாலோடு இணைந்து அகன்ற வால்தகடாக அமைந்தது. அதன் பின்விளிம்பில் முட்கள். வால்தகட்டின் இருபுறமும் இரு கிளைகளாகப் பிரிந்த தட்டையான வால்கால்கள். முதிர்ந்த பெண்ணின் மார்பின் கீழ்த் தகடுகளால் ஆன குஞ்சுப்பை. அதிலிருந்து வெளிவரும் குஞ்சுகளுக்கு ஏழாம் இணைக் கால்கள் முழுமை பெற்றிரா.”

இப்பத்தியில் பள்ளிப் பாடநூலுக்கு அப்பாற்பட்ட சொல் ஓரிரண்டே. வால்தகடு, வால்கால், குஞ்சுப்பை ஆகியவற்றை முதன்முறை படிப்பவரும் பொருள் கொள்வர். ஆங்கிலத்தில் அதே உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்கள் கிரேக்க, இலத்தீன் வேர்களிலிருந்து செய்யப்பட்டவை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவரும் அவற்றைப் பாடம் செய்தே அறிகிறார். வாய்க்கு மேலுள்ள தகட்டைக் குறிக்கும் ‘கிளைபியஸ்’ என்னும் சொல்லுக்கு இலத்தீனில் கேடயம் என்பதே பொருள். ஒருகாலத்தில் யாரோ ஒருவர் ஒரு பழகிய சொல்லை எடுத்து ஓர் உறுப்புக்கு இட்டார், அவ்வளவே. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கியபோது செய்ததும் அதுவே.

மொழிபெயர்ப்பு விவரிப்பின் துல்லியத்தைச் சோதிக்கவும் செய்கிறது. பழைய ஐசோபாடா விவரிப்புகளில் ‘முள்’ என்னும் பொருளுடைய ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு வேறுபட்ட அமைப்புகளுக்கு வழங்கியது. ஒன்று, புறஓடே நீண்டு கூர்மையான அசையாத முள். மற்றொன்று, அடியில் குழியும் மூட்டும் உடைய தடித்த மயிர். இன்றைய ஆய்வாளர்கள் இரண்டையும் பிரித்தே எழுதுகின்றனர். தமிழில் எழுதப் புகுபவர் ‘முள்’ என்பதா ‘மயிர்’ என்பதா என்று அந்த இடத்தில் நின்று முடிவுசெய்தாக வேண்டும். முடிவு செய்ய இயலாவிடில், அவர் நுண்நோக்கியின் முன் மீண்டும் அமர வேண்டியவர் என்பதை மொழி அவருக்கு உணர்த்துகிறது. ‘மெலிந்தது’ என்று எழுதும்போதும் அவ்வாறே: எதனினும் மெலிந்தது என்ற கேள்வி உடனே எழுகிறது. யுகட்டானென்சிஸின் கதையில் அக்கேள்விக்கான விடைதான் ஒரு சிற்றினத்தையே வெளிக்கொணர்ந்தது.

எதிர்வாதங்களுள் வலுவானது ஒன்று உண்டு. வகைப்பாட்டியலாளர்களின் எண்ணிக்கை குறைவு. அவர்களின் உழைப்புக்கு மதிப்பெண் முறையில் இடமும் குறைவு. ஓர் உயிரின் பெயருக்குப் பின் விவரித்தவர் பெயரும் ஆண்டும் எழுதப்படினும், அம்மூலக் கட்டுரை பெரும்பாலும் மேற்கோள் பட்டியலில் சேர்க்கப்படுவதில்லை. ஆகவே அது கணக்கிலும் வருவதில்லை. 2020-இல் புதிய விலங்கினங்களைப் பெருமளவில் வெளியிடும் ‘ஸூடாக்ஸா’ இதழ், தன்மேற்கோள் மிகுதி என்று கூறப்பட்டுத் தாக்கக் குறியீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதும், எதிர்ப்புக்குப் பின் மீண்டும் சேர்க்கப்பட்டதும் இத்துறையினர் அறிந்தவை. இந்நிலையில் அவர்கள் மீது இன்னொரு சுமையை ஏற்றலாமா என்பது நேர்மையான கேள்வி.

ஆனால் கேட்கப்படுவது முழுக் கட்டுரையின் மொழிபெயர்ப்பன்று. நூறு சொற்களுக்குள் அடங்கும் ஒரு பத்தி. அதனை ஆய்வாளரே எழுதலாம்; மொழித்துறை மாணவர் ஒருவரோடு அமர்ந்தும் எழுதலாம். ஒரே வளாகத்தில் விலங்கியல் துறையும் மொழியியல் துறையும் பேசாமல் இருக்கும் பல்கலைக்கழகங்களுக்கு அது நல்ல தொடக்கமும் ஆகும். மேலும், தம் பணி புறக்கணிக்கப்படுகிறது என்று வருந்தும் துறை, அப்பணியைப் படிக்கக்கூடியோரின் வட்டத்தை விரிப்பதும் தற்காப்பே.

யார் படிப்பார் என்று கேட்பவருக்கு வியட்நாம் விடை சொல்கிறது. அங்கு இவ்வுயிர்கள் ‘கடற்பூச்சி’ என்னும் பொருளுடைய பெயரால் உணவகங்களில் விற்கப்படுகின்றன. மீனவர் பிடித்து விற்றவற்றை வாங்கி ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை முன்பே அறியப்பட்ட ஒரு சிற்றினம் என்றும், சில புதியவை என்றும் தெரியவந்தது. 2025 ஜனவரியில் ‘பாத்தினோமஸ் வேடரி’ என்று அது பெயர்பெற்றது. அறிவியல் அதனைக் காணும் முன் மீனவர் வலையும் வணிகர் தராசும் கண்டுவிட்டன. ஆழ்கடல் இறாலுக்காக விரிக்கப்படும் இழுவலைகள் இந்தியக் கரையிலும் உண்டு. அவ்வலையில் வந்ததைக் கழிவென்று கடலில் எறிவதா, ‘இதன் வால்முட்கள் வேறாக உள்ளன’ என்று எடுத்து வைப்பதா என்பதைப் படகில் நிற்பவரே முடிவுசெய்கிறார். அவர் கையில் அவர் மொழியில் ஒரு குறிப்பு இருப்பதற்கும் இல்லாதிருப்பதற்கும் இடையிலான வேறுபாடு சிறிதன்று.

2021-இல் இந்திய அரசு ஏறத்தாழ 4,077 கோடி ரூபாய் மதிப்பில் ஆழ்கடல் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. கனிமம் அகழும் தொழில்நுட்பமும் உயிரினப் பன்மை ஆய்வும் அதில் ஒருங்கே இடம்பெற்றுள்ளன. அடுத்து வரும் ஆண்டுகளில் ஆழத்திலிருந்து பெயரற்ற உயிர்கள் மேலே வரும். அவற்றுக்குப் பெயரிடுவோர், ஆங்கிலக் குறிப்பின் கீழே தமிழிலோ மலையாளத்திலோ தெலுங்கிலோ ஒடியாவிலோ வங்காளத்திலோ, எந்தக் கரையோ அந்தக் கரையின் மொழியில், ஒரு பத்தி சேர்க்கட்டும். நெறியாளர்கள் அதனைக் கேட்டு வாங்கட்டும். இந்திய இதழ்கள் அதற்கு இடமளிக்கட்டும். அடுத்த முறை படம் பரவும்போது செய்தி எழுதுபவர் கரப்பானைத் தேடிப் போக வேண்டியதில்லை. கால்களை எண்ணிச் சொல்ல அவருக்கு ஒரு தமிழ்ப் பத்தி இருக்கும்.