ஜெர்மன் வகுப்பில் கண்ணீர்!

சென்னையில் ஜெர்மன் படிக்கிறவர்களில் நர்சுகளும் உண்டு. டூட்டி முடிந்து, பஸ் பிடித்து, பசியோடு வந்து உட்காருகிறார்கள். ஜெர்மனியில் நர்சு வேலைக்கு அங்கீகாரம் கிடைக்க பெரும்பாலும் 'பி2' தேர்வு பாஸ் ஆகவேண்டும். கடன் வாங்கி பீஸ் கட்டியவர்களுக்கு அதுவே பெரிய பாரம்.

படிப்பு வருகிறது. பேச்சு வரவில்லை! வாயைத் திறந்தால் டீச்சர் திருத்துகிறார். பின்னால் சிரிப்பு. கண் கலங்குகிறது. இது மக்குத்தனம் அல்ல, பயம். வேற்றுமொழி வகுப்பில் வரும் இந்தப் பயத்தை அளக்கவே 1986-ல் அமெரிக்காவில் ஹார்விட்ஸ் குழுவினர் 33 கேள்விகள் கொண்ட பட்டியல் வெளியிட்டார்கள்.

இதோடு வீட்டுக் கவலையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். "அப்பாவுக்கு ஆபரேஷன், மிஸ்" என்று தழுதழுக்கிற பெண்ணிடம் "அதை ஜெர்மனில் சொல்லு" என்பது என்ன நியாயம்? தமிழிலேயே சொல்லட்டும். டீச்சர் காது கொடுத்துக் கேட்கட்டும். அன்றைக்கு அவளை எழுப்பி நிறுத்தாமல், பக்கத்து சீட்டுக்காரியோடு மட்டும் பேசிப் பழகவிடலாம். இலக்கணம் எங்கே ஓடிப் போகிறது?

இன்னொன்று. கோதே இன்ஸ்டிட்யூட்டின் பி2 தேர்வில் படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என்று 4 பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 எடுத்தால் பாஸ். ஒன்றில் கோட்டை விட்டால் அதை மட்டும் மறுபடி எழுதலாம். இது தெரியாமல் "எல்லாம் போச்சு" என்று ராத்திரி தூங்காமல் கிடப்பானேன்? பீஸ் வாங்குகிற அன்றைக்கே இதைச் சொல்லிவிட்டால் டீச்சருக்கு என்ன நஷ்டம்?