மலையகப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம்: லிங்க் அனுப்பினால் போதுமா?

சாதாரண தரத்தில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல பெறுபேறு எடுத்த தோட்டத்துப் பிள்ளை, உயர்தரத்தில் கலைப் பிரிவில் சேருவது இலங்கை மலையகத்தில் வழக்கமான கதை. விருப்பப்பட்டு அல்ல. உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி தரப் பாடசாலைகளில்தான் உண்டு. 1சி தரப் பாடசாலைகளில் பெரும்பாலும் கலையும் வர்த்தகமும்தான். 1ஏபி பாடசாலை டவுனில் இருக்கும். பஸ் காசு, போர்டிங் காசு, டியூஷன் காசு என்று கணக்குப் பார்த்தால் கொழுந்து பறிக்கும் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது.

கோட்டா இருக்கிறதே?

இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 55 சதவீத இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் உள்ளவை. ஆனால் கோட்டா மாவட்டத்துக்கு, தோட்டத்துக்கு அல்ல. விஞ்ஞான வகுப்புக்கே போகாத பிள்ளைக்கு மருத்துவ பீடத்தில் இடம் ஒதுக்கி என்ன பயன்?

அப்போ ஆன்லைன்?

2020இல் கொரோனா காலத்தில் அதைப் பார்த்தாச்சு. லயத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதுவும் சிக்னல் தேடி மேட்டில் ஏறணும். கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் தமிழிலும் பாடங்கள் உண்டு. ஆனால் சந்தேகம் கேட்க ஆள் வேண்டும், கையில் பிடித்துப் பார்க்க பியூரெட் வேண்டும். பௌதிகவியல் வினாத்தாளில் பரிசோதனைக் கேள்விகள் வருமே!

வேறு வழி உண்டா?

பிரேசிலின் அமேசோனாஸ் மாநிலம் 2007இல் ஒரு வழி காட்டியது. படகில் மட்டுமே போகக்கூடிய ஆற்றோரக் கிராமங்களுக்கும் பழங்குடி ஊர்களுக்கும் பாட ஆசிரியர்களை அனுப்ப முடியவில்லை. அதனால் மனாவுஸ் நகர ஸ்டூடியோவிலிருந்து செயற்கைக்கோள் வழியாக நேரடி வகுப்பு நடத்தினார்கள். முக்கியமான விஷயம், பிள்ளைகள் வீட்டில் இல்லை, வகுப்பறையில் இருந்தார்கள். அங்கே ஓர் ஆசிரியரும் கூடவே இருந்தார். கேள்வியை அப்போதே ஸ்டூடியோவுக்குக் கேட்கலாம்.

மலையகத்துக்கு இது இன்னும் சுலபம். ஒரு வலயத்தில் மூன்று நான்கு 1சி பாடசாலைகளை இணைத்து, தமிழ்மொழி மூல பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர் நேரடியாகக் கற்பிக்கலாம். அந்தந்த வகுப்பில் ஓர் ஆசிரியர் இருக்கணும். சனிக்கிழமைகளில் டவுன் பாடசாலையின் ஆய்வுகூடத்தைத் திறந்துவிட்டு, பஸ் செலவை மாகாணக் கல்வித் திணைக்களம் ஏற்கணும்.

“இதைக் காட்டி ஆசிரியர் நியமனத்தை நிறுத்திவிடுவார்கள்” என்ற பயம் நியாயமானது. அதனால் வெற்றிடங்களை நிரப்பும் கால அட்டவணையையும் திட்டத்தோடு சேர்த்தே அறிவிக்கணும். ஆனால் நியமனம் வரும்வரை சும்மா இருக்கவும் முடியாது. இந்த வருடம் சாதாரண தரம் முடிக்கும் பிள்ளை அடுத்த சில மாதங்களில் பிரிவைத் தெரிவு செய்தாகணும். அதுக்கப்புறம் வரும் ஆசிரியரால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.