மைக்குக்கும் வாய்க்கும் இடையில் நாலு விரல்

முதலே சொல்லிவிடுகிறோம். நாங்கள் நாலு பேர் காசு சேர்த்து வாங்கின முதல் மைக் எங்களுக்குத் தோதில்லாத மைக். பிழை மைக்கில் இல்லை, எங்களில்தான். யூடியூப்பில் ஆரோ ஒருத்தர், சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டின அறைக்குள் இருந்துகொண்டு, வீட்டில் ரெக்கோர்ட் பண்ணக் கொண்டென்சர் மைக்தான் வேணும் எண்டார். நாங்களும் மகாபொலக் காசில் மிச்சம் பிடித்து, அதையே வாங்கினோம்.

வாங்கினதுக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கட சிநேகிதி ஒருத்தியின் அப்பம்மா வடமராட்சியில் இருக்கிறா. ஒப்பாரி சொல்லுவதில் ஊரில் பேர் எடுத்தவ. அவவுக்குப் பிறகு அந்த வீட்டில் ஒருத்தருக்கும் அது தெரியாது. அதைப் பதிந்து வைக்கவேணும் எண்டு ஒன்றரை வருசமாகக் கதைத்தோம். ஒவ்வொரு முறையும் "நல்ல மைக் ஒண்டு வரட்டும்" எண்டு தள்ளிப்போட்டோம்.

மைக் வந்து, நாங்களும் போனோம். அப்பம்மா ஒரு நிபந்தனை வைத்தா. "செத்தவீடு இல்லாத வீட்டில ஒப்பாரி சொல்லக்கூடாது பிள்ளையள். மெதுவாத்தான் சொல்லிக் காட்டுவன். பக்கத்து வீட்டுச் சனம் ஆர் போனது எண்டு ஓடி வந்திடுங்கள்."

விறாந்தைக்குப் பக்கத்து அறை. சீமெந்துத் தரை, சீற் கூரை, நாலு வெறும் சுவர். வயசு போன மனிசியின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டக் கூச்சமாக இருந்ததால், ஸ்டாண்டை இரண்டடி தள்ளி வைத்தோம். அன்று இரவு ஹெட்போனில் போட்டுக் கேட்டால், ஃபான் இருக்கிறது, சேவல் இருக்கிறது, ஒழுங்கையால் போன ஓட்டோ இருக்கிறது, சுவரில் அடித்துத் திரும்பி வந்த சத்தமும் இருக்கிறது. அப்பம்மா மட்டும் எங்கேயோ கிணத்துக்குள் நின்று கதைப்பது மாதிரி.

எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, சிநேகிதி தன் போனில் ஒரு வொயிஸ் மெசேஜைப் போட்டாள். போன வருசம் அப்பம்மாவின் தம்பி கனடாவில் செத்தபோது இவவால் போக முடியவில்லை. படுக்கையில் இருந்தபடியே, போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, அரை நிமிச ஒப்பாரியை அந்த வீட்டுக்கு அனுப்பியிருக்கிறா. பழைய, மலிவான போன். ஆனால் மூச்சு கேட்டது. சொல் உடைகிற இடம் கேட்டது. காசு சேர்த்து வாங்கின மைக்கை விட அது எத்தனையோ மடங்கு நல்ல பதிவு.

ஏன்? நாங்கள் அன்றுதான் யோசிக்கத் தொடங்கினோம். இந்தக் கட்டுரையில் சொல்ல வருவதும் அதுதான். எங்கட வீடுகளில் ஒலிப்பதிவின் தரத்தை முதலில் தீர்மானிப்பது மைக்கின் விலை இல்லை, மைக்குக்கும் வாய்க்கும் இடையில் இருக்கிற தூரம்.

கணக்கு லேசானது. தூரம் பாதியானால், வாயில் இருந்து நேராக வருகிற சத்தத்தின் அழுத்தம் இரண்டு மடங்காகும். 60 சென்ரிமீற்றரில் இருக்கிற மைக்கை நாலு விரல் தூரத்துக்கு, அதாவது ஏழரை சென்ரிமீற்றருக்குக் கொண்டுவந்தால், குரல் கிட்டத்தட்ட 8 மடங்கு ஏறும். ஃபானும் சேவலும் இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றின் சத்தம் ஏறாது. அப்பம்மாவின் போன் செய்தது இதைத்தான். மெத்தையும் தலையணையும் எதிரொலியைக் குடித்தது மேலதிக லாபம்.

இப்போது மைக்குக்கு வருவோம். கொண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் மின் கொடுக்கவேணும். சின்னச் சத்தத்துக்கும் அது பெரிய சிக்னல் தரும். டைனமிக் மைக்குக்கு அந்த மின் தேவையில்லை, ஆனால் சிக்னல் சின்னது. ஓடியோ டெக்னிக்கா ஏடி2020 எண்ட கொண்டென்சர், 1 பாஸ்கல் அழுத்தத்துக்கு 14.1 மில்லிவோல்ட் தரும். கோயில் திருவிழா முதல் பள்ளிக்கூட மேடை வரைக்கும் எல்லாரும் கண்ட ஷுவர் எஸ்எம்58, அதே அழுத்தத்துக்கு 1.85 மில்லிவோல்ட்தான் தரும். ஏழரை மடங்கு வித்தியாசம். மேலே உள்ள கணக்கைத் திரும்பப் பாருங்கோ. இரண்டடி தள்ளி வைத்த அந்தக் கொண்டென்சர் தருகிற அதே அளவு சிக்னலை, நாலு விரல் கிட்ட வைத்த டைனமிக்கும் தரும். ஆனால் அறையின் சத்தம் அதில் எவ்வளவோ குறைவு.

"டைனமிக் மைக்குக்கு வெளிச்சத்தம் கேளாது" எண்டு கனபேர் சொல்லுவினம். அது முழு உண்மை இல்லை. காகம் கத்தினால் அதுக்கும் கேட்கும். அது எங்களைக் கிட்ட வரப்பண்ணுது, அவ்வளவுதான். கொண்டென்சரைக் கிட்ட வைத்தாலும் அதே பலன் வரும். ஆனால் நாங்கள் வைப்பதில்லை. மைக்கே எல்லாத்தையும் பிடிச்சுத் தரும் எண்டு நினைத்துத் தள்ளி வைக்கிறோம்.

அடுத்தது பிரீஅம்ப். மைக்கின் சின்னச் சிக்னலைப் பெருப்பிக்கிறது அதுதான். தனிப்பெட்டியாக வாங்கத் தேவையில்லை. லாப்டொப்பில் யுஎஸ்பியால் செருகுகிற ஓடியோ இன்டர்பேஸுக்குள்ளேயே அது இருக்கும். வாங்கும்போது பார்க்கவேண்டியது எத்தனை டெசிபல் கெயின் தருகிறது எண்டதைத்தான். போட்காஸ்ட் வீடியோக்களில் எல்லார் முன்னாலும் தொங்குகிற எஸ்எம்7பி மைக்குக்கு 60 டெசிபல் கெயினாவது வேணும். ஸ்கார்லெட் சோலோவின் மூன்றாம் தலைமுறை இன்டர்பேஸ் தருவது 56. ஆசைப்பட்டு மைக்கை வாங்கினவர்கள், பிறகு நடுவில் செருக ஒரு பூஸ்டரும் வாங்கவேண்டி வருவது இதனால்தான். மைக்கையும் பிரீஅம்ப்பையும் ஒரே கணக்கில் வைத்து யோசிக்காவிட்டால் காசு இரண்டு முறை போகும்.

இரைச்சல் வந்தால் உடனே பிரீஅம்ப்பைக் குறை சொல்லவும் வேண்டாம். ஒரு சின்னச் சோதனை. கெயினை வழமையான அளவில் வைத்து, ஒருத்தரும் கதைக்காமல் பத்து செக்கன் பதியுங்கோ. பிறகு ஃபானை நிப்பாட்டி இன்னொரு பத்து செக்கன். இரண்டுக்கும் வித்தியாசம் கேட்டால், அந்த இரைச்சல் அறையினுடையது. எவ்வளவு விலையான பிரீஅம்ப் வாங்கினாலும் அது போகாது. ஆளுக்குப் பின்னால் ஒரு போர்வையைக் கட்டித் தொங்கவிடுங்கோ, உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து வையுங்கோ. அதுக்குக் காசில்லை.

இந்தக் கணக்கு எங்களுக்கு விளையாட்டில்லை. 2022இல் சில மாதத்துக்குள் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை போனதை நாங்கள் எல்லாரும் கண்டோம். நூறு டொலர்ச் சாமானின் விலை 20,000இல் இருந்து 36,000 ஆனது, வரி வேற. கம்பஸ் பொடியளுக்கு ஒரு பிழையான தெரிவு எண்டால் ஒரு வருசம் போச்சு.

தரம் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கதை. 1982 ஜனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், நியூ ஜெர்சியில் தன் வீட்டு அறையில் இருந்து, நாலு தட கசெற் ரெக்கோர்டரிலும் இரண்டு எஸ்எம்57 டைனமிக் மைக்கிலும் சில பாட்டுகளைப் பதிந்தார். இசைக்குழுவுக்குக் காட்டத்தான் பதிந்தது. பிறகு ஸ்டூடியோவில் குழுவோடு எடுத்துப் பார்த்தும் அந்த உணர்வு வரவில்லை. கடைசியில் அந்தக் கசெற்றே 'நெப்ராஸ்கா' எண்ட அல்பமாக வெளிவந்தது.

கொண்டென்சர் வேண்டாம் எண்டு சொல்ல வரவில்லை. அமைதியான அறையில் வீணைக்கும் கிற்றாருக்கும் அதன் நுணுக்கம் டைனமிக்கில் வராது. கூட்டமாகப் பாடுகிறதைத் தள்ளி நின்று பிடிக்கவும் அது உதவும். ஆனால் ஒழுங்கை ஓரத்து வீட்டில் ஒரு குரலைப் பதியப்போகிற ஆளுக்கு எங்கள் பதில் இதுதான்: பாவித்த டைனமிக் ஒண்டு, போதிய கெயின் உள்ள சாதாரண இன்டர்பேஸ் ஒண்டு, ஒரு போர்வை. அதையும் தனியாக வாங்காமல் நாலு பேர் சேர்ந்து வாங்கி, முறை வைத்துப் பாவிக்கலாம். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். காசு சேருமட்டும் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துப் பதியுங்கோ. வயசு போன குரல் எங்கட சேமிப்புக்காகக் காத்துக்கொண்டு இராது.

இரண்டாம் முறை போனபோது அப்பம்மாவைக் கட்டிலில் இருத்தி, ஃபானை நிப்பாட்டி, டைனமிக் மைக்கை அவவின் கையிலேயே கொடுத்தோம். போனைப் பிடிக்கிற மாதிரியே காதில் வைத்துப் பார்த்தா. எல்லாரும் சிரித்தோம், அவவும் சிரித்தா. பிறகு நாலு விரல் தூரத்தில் பிடித்து, தம்பிக்குச் சொன்னதை முதலில் இருந்து முழுக்கச் சொன்னா. மெதுவாகத்தான் சொன்னா. கெயினை நன்றாக ஏற்றவேண்டி வந்தது, அடியில் மெல்லிய இரைச்சல் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் விளங்குது. பக்கத்து வீட்டில் இருந்து ஒருத்தரும் ஓடி வரவில்லை.