"டிப்ளமோக்காரனுக்கு எதுக்கு சார் ஆராய்ச்சி?"

"டிப்ளமோக்காரனுக்கு எதுக்கு சார் ஆராய்ச்சி? மூணு வருஷம் ஒழுங்கா முடிச்சு, ஒரகடத்துல ஒரு கம்பெனி பஸ் ஏறினாப் போதாதா?"

பெற்றோர் இப்படிக் கேட்டால் கோபப்பட மாட்டேன். வீட்டுக் கடன் அவர்கள் தலையில் இருக்கிறது. இதையே கல்வித் துறையினர் கேட்கும்போதும், பாலிடெக்னிக் ஆசிரியர்களே ஸ்டாஃப் ரூமில் டீ கிளாஸோடு உட்கார்ந்து கேட்கும்போதும்தான் பொறுக்க முடியவில்லை. அவர்கள் கணக்கில் ஆராய்ச்சி என்பது ஒரு மாடிப்படி. உச்சியில் ஐ.ஐ.டி., அதற்குக் கீழே பல்கலைக்கழகங்கள், அப்புறம் பொறியியல் கல்லூரிகள். பாலிடெக்னிக்குக்கு படிக்கட்டுக்கு வெளியே செருப்பு விடும் இடம். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இந்த எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. இரண்டு ஊருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் வந்த பிறகு, "அதான் அங்க இருக்காங்களே" என்று கையைக் கழுவுவது இன்னும் வசதியாகிவிட்டது.

ஆனால் இந்த மண்ணில் நின்றுகொண்டு இப்படிப் பேசுவது வேடிக்கை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1940-ல் அங்கிருந்து வெளிவந்த மல்லாட்டை (நிலக்கடலை) ரகம் டி.எம்.வி. 2. பெயரிலேயே திண்டிவனம் இருக்கிறது. ஆந்திராவில் அனந்தபுரத்து மானாவாரி நிலங்களில் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் விதைத்தார்கள். அதற்குப் பின் எத்தனையோ புது ரகங்கள் வந்தும், விவசாயி இதை விட மறுத்தார். இது எப்படி உருவானது? குடியாத்தம் பக்கத்து விவசாயிகளிடம் இருந்த கொத்துக் கடலையில் நல்ல செடிகளைப் பொறுக்கினார்கள். அவற்றின் விதைகளை ஒன்றாகச் சேர்த்து மறுபடி விதைத்தார்கள். கூட்டுத் தேர்வு என்று பெயர், பயிர்ப்பெருக்கத்தில் மிக எளிய முறைகளில் ஒன்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பிறந்தது 1971-ல், அதாவது இந்தக் கடலை வயலுக்குப் போய் முப்பத்தோரு ஆண்டு கழித்து. அந்த ரகத்தை உருவாக்கியவர்கள் பாலிடெக்னிக் ஆட்கள் இல்லை, வேளாண் துறை விஞ்ஞானிகள்தான். அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த வெற்றிக்கு அடிப்படை என்ன? ஒரே ஊரில் இருந்து, ஒரே பயிரை, பருவத்துக்குப் பருவம் பார்த்ததுதான். பட்டத்தின் நீளத்துக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

இந்த வகை வேலைக்கு இடத்தைவிட்டு நகராத ஆட்கள் வேண்டும். சென்னையிலிருந்து ஒரு குழு காரில் வந்து, மாதிரி எடுத்து, மதியம் சாப்பிட்டுவிட்டுப் போனால் நடக்காது.

தென்பெண்ணையைப் பாருங்கள். விழுப்புரத்தை ஒட்டி அதன் குறுக்கே எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு இருந்தது. நாடு விடுதலையடைந்த சூட்டோடு கட்டியது, எழுபது ஆண்டு தாங்கி, 2021 நவம்பர் வெள்ளத்தில் சேதமானது. அதே ஆற்றில் தளவானூரில் 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு ஒரு தடுப்பணை கட்டினார்கள். 2020-ல் திறந்தார்கள், 2021 ஜனவரியிலேயே கரையை ஒட்டிய பகுதி இடிந்து விழுந்தது. ஒன்று எழுபது ஆண்டு, இன்னொன்று சில மாதம். யார் மேல் தவறு என்று சட்டமன்றத்திலும் டீக்கடையிலும் பேசித் தீர்த்துவிட்டார்கள். ஆற்றுப் படுகையின் மட்டம் ஆண்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அணைக்கட்டின் மேலே வழியும் தண்ணீர் கீழே விழுந்து மணலை அரிக்கும். மணல் அள்ளிய ஆற்றில் படுகை ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் அடித்தளத்துக்கு அடியில் பள்ளம் விழும். கரையும் சுவரும் சேரும் இடத்தில் தண்ணீர் புது வழி தேடும். இது சிவில் டிப்ளமோ மாணவனுக்குத் தெரியாத சங்கதி இல்லை. இதை அளக்கத் தேவையான கருவியும் கல்லூரி ஸ்டோர் ரூமில் இருக்கிறது: ஒரு ஆட்டோ லெவல், ஒரு ஸ்டாஃப் கம்பு. சர்வே லேபில் அதை வைத்துக் கல்லூரி மைதானத்தையே எத்தனை பேட்ச் அளந்திருக்கும்! அந்த மைதானம் எங்கும் ஓடிப்போகாது. அதே இரண்டு நாள் பயிற்சியை ஆற்றில் வைத்தால் என்ன? பத்து இடத்தில் கல் நட்டு, பருவமழைக்கு முன்பு ஒரு தரம், வெள்ளம் வடிந்ததும் ஒரு தரம், குறுக்குவெட்டு எடுத்து எழுதிவைக்கட்டும். நீர்மட்டத்தைப் பதியும் கருவியை எலக்ட்ரானிக்ஸ் பிள்ளைகள் செய்வார்கள், மதகின் ஷட்டர் துருப்பிடிப்பதை மெக்கானிக்கல் பார்க்கும், கணக்கை கம்ப்யூட்டர் துறை வரைபடமாக்கும். பல துறை கூட்டாய்வு என்று கருத்தரங்குகளில் தொண்டை கிழியப் பேசுவார்களே, அது இதுதான். ஆறு பாடத்திட்டத்தைப் பார்த்து ஓடுவதில்லை, அதனால் துறைகள் தானாகவே கூடிவிடும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து வந்த வெள்ளத்தில் தென்பெண்ணைக் கரையெங்கும் ஊர்கள் முங்கின. அந்த வெள்ளத்துக்கு முன்னும் பின்னுமான அளவுகள் மட்டும் ஒரு பாலிடெக்னிக்கின் நோட்டில் வரிசையாக இருந்திருந்தால், இன்று எந்தத் துறைப் பொறியாளரும் அதைத் தேடிக்கொண்டு வந்திருப்பார்.

"பசங்க ப்ராஜெக்ட்டையே விலைக்கு வாங்குறாங்க, இவங்களா அளப்பாங்க?" என்பது அடுத்த வாதம். வாங்குகிறார்கள்தான். கடைசி செமஸ்டரில் சென்னைக்குப் போய், கண்ணாடிப் பெட்டியில் வைத்த மாடலோடும் அச்சடித்த ரிப்போர்ட்டோடும் திரும்புகிறார்கள். ஒரு பையனிடம், யாருக்கும் தேவைப்படாத கேள்விக்கு, மார்க்குக்காக மட்டும், ஒரே செமஸ்டரில் விடை கேட்டால் அவன் கடைக்குப் போகாமல் எங்கே போவான்? தளவானூர்ப் படுகையின் மட்டம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக் கடைகளில் விற்பனைக்குக் கிடைக்காது.

ஆசிரியர் தட்டுப்பாடு என்பது மட்டும் கனமான வாதம். 1058 பாலிடெக்னிக் விரிவுரையாளர் பணியிடங்களுக்கு 2017-ல் நடந்த தேர்வில் மதிப்பெண் மோசடி அம்பலமாகி, 2018 பிப்ரவரியில் தேர்வையே ரத்து செய்தார்கள். மறுபடி தேர்வு நடக்க 2021 டிசம்பர் ஆனது. அத்தனை ஆண்டும் இருந்தவர்கள் இல்லாதவர்களின் வகுப்பையும் சேர்த்து இழுத்தார்கள். அவர்களிடம் ஆராய்ச்சி கேட்பது கொடுமை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஆசிரியரை நியமிக்கச் சொல்லும் வாதம். பாலிடெக்னிக்குக்கு ஆராய்ச்சி தகாது என்பதற்கு அதைச் சாட்சியாகக் கூப்பிடக் கூடாது.

இதே மாவட்டத்தில், வானூர் வட்டத்தில், ஆரோவில் இருக்கிறது. அங்கே மண்ணை அழுத்திக் கல் செய்யும் ஆரம் இயந்திரத்தை உருவாக்கினார்கள். உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வந்து மண் கட்டடம் கட்டக் கற்றுக்கொண்டு போகிறார்கள். எல்லோரும் அதை ஆராய்ச்சி என்று மதிக்கிறோம், மதிக்கத்தான் வேண்டும். அதே மண்ணில், அதே வெல்டிங் மெஷினை வைத்து, கவர்ன்மென்ட் பாலிடெக்னிக் பையன் செய்தால் அது "பசங்க ப்ராஜெக்ட்". இந்த மரியாதை எதைப் பார்த்துக் கூடுகிறது, எதைப் பார்த்துக் குறைகிறது என்று நாம் வெட்கப்படாமல் யோசிக்கலாம்.

ஆராய்ச்சியாளர் பட்டியலிலேயே வராத ஒருவர் கதை இருக்கிறது. அமெரிக்காவில் சினிமாப் படப்பிடிப்புகளுக்கு விளக்கு போடும் வேலை பார்த்தவர் ஜாக் பிராண்டிஸ். 2001-ல் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்கு ஒரு தண்ணீர் இயந்திரத்தைப் பழுது பார்க்கப் போனார். அங்கே பெண்கள் விரல் நோகக் கடலை உடைப்பதைப் பார்த்து, உடைக்கும் இயந்திரம் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அவர் செய்தது கான்கிரீட்டில் வார்த்த கூம்பு, உள்ளே கையால் சுற்றும் இன்னொரு கான்கிரீட் கூம்பு. இடைவெளியைக் கூட்டிக் குறைத்தால் கடலையின் பருமனுக்கு ஏற்ப ஓடு உடையும். இங்கேயும் விதைக்கடலையைப் பலர் இன்னும் கையால்தான் உடைக்கிறார்கள். இயந்திரத்தில் போட்டால் பருப்பு கீறும், கீறினால் முளைக்காது என்ற பயம். நம் ரகங்களுக்கு இடைவெளி எவ்வளவு, எந்தக் கலவையில் வார்த்தால் பருப்பு கீறாது? சிவிலும் மெக்கானிக்கலும் சேர்ந்து ஒரு வருடத்தில் பார்த்துவிடலாம். முளைப்புத்திறன் சோதிக்க திண்டிவனம் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. விழுப்புரம் மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை மூட்டையோடு வரும் விவசாயியைக் கேட்டால், அடுத்த ஆண்டுக்கான கேள்வியையும் அவரே தந்துவிடுவார்.

ஜெர்மனியில் 1968-லேயே மாநிலங்கள் கூடித் தொழில்சார் உயர்கல்வி நிறுவனங்களைத் தனி வகையாக அமைத்தன. சுற்று வட்டாரத்துத் தொழிற்கூடங்களோடு சேர்ந்து ஆய்வு செய்வது இன்று அவற்றின் அன்றாட வேலை. யாரும் அவற்றைப் பல்கலைக்கழகத்தின் குட்டி என்று கேலி செய்வதில்லை.

நம் ஊரில் மாற்றம் என்றால் உடனே பேப்பர் எத்தனை, பேட்டன்ட் எத்தனை என்று எண்ண ஆரம்பிப்பார்கள். அந்த எண்ணிக்கை வந்த மறுநாளே பேப்பரும் காசுக்குக் கிடைக்கும். அதனால் பாலிடெக்னிக்கில் அந்தக் கணக்கே வேண்டாம். வேண்டியது இவ்வளவுதான்: ஆசிரியரின் டைம்டேபிளில் வாரத்துக்கு அரை நாள், பேட்ச் மாறினாலும் மாறாத ஒரே ப்ராஜெக்ட், முன் பேட்ச் விட்ட இடத்திலிருந்து தொடங்கினால்தான் மதிப்பெண் என்ற விதி, விவசாயியும் ஊராட்சித் தலைவரும் படிக்கும்படி தமிழில் ஒரு ரிப்போர்ட். இதற்குப் புதுக் கட்டடமும் வேண்டாம், கோடிகளும் வேண்டாம். ஆட்டோ லெவல் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறோம். ஸ்டோர் கீப்பரிடம் கையெழுத்துப் போட்டு அதை ஆற்றுக்கு எடுத்துப்போக அனுமதிக்கும் ஒரு சுற்றறிக்கை மட்டும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திலிருந்து வர வேண்டும், அதுவும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு.