தெளிவு வட்டம் மட்டும் போதாது

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் குவியும் மஞ்சளும் வேப்பிலையும் அம்மை கண்ட வீட்டின் பழைய காவல்கள். அவற்றில் மஞ்சளை வேதியியலாளர்கள் விடாமல் ஆராய்வதற்குக் காரணம் உண்டு. அதன் குர்குமின் மூலக்கூறில் அருகருகே இருக்கும் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் செம்பு, துத்தநாக அயனிகளை இடுக்கிபோல் கவ்விக்கொள்ளும். இப்படி உலோக அணைவுச் சேர்மங்களைத் தயாரித்துக் கிருமிகள்மேல் சோதிக்கும் ஆய்வு விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி உள்படத் தமிழகக் கல்லூரிகள் பலவற்றில் நெடுநாளாக நடக்கிறது. வீண் வேலையல்ல இது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஒரு திட்டம் 906 உலோகச் சேர்மங்களைச் சோதித்து 2020-இல் வெளியிட்ட முடிவில், நூற்றுக்குப் பத்துக்குச் சற்றுக் குறைவானவை பாலூட்டிச் செல்களுக்கு நச்சாகாமல் கிருமிகளை ஒடுக்கின. உலோகமற்ற கரிமச் சேர்மங்களில் அந்த விகிதம் ஒன்றைக்கூட எட்டவில்லை.

ஆனால் நம் ஆய்வேடுகளில் பல, அகார் தட்டில் வைத்த, சேர்மம் தோய்ந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெரியும் தெளிவு வட்டத்தை மில்லிமீட்டரில் அளந்ததுமே 'மருந்தாகக்கூடும்' என்று முடித்துவிடுகின்றன. அந்த வட்டம் எதைச் சொல்கிறது? சேர்மம் அகாரில் எவ்வளவு தூரம் பரவியது என்பதும் அதில் கலந்திருக்கிறது. தண்ணீரில் சரியாகக் கரையாத குர்குமின் வகைகளுக்கு இந்த அளவுகோல் இன்னும் மோசம். செம்பு தனியாகவே கிருமிகளைக் கொல்லும். திராட்சைத் தோட்டக்காரர்கள் 1880-களிலிருந்து மயில்துத்தத்தைச் சுண்ணாம்புடன் கலந்து தெளிப்பது அதனால்தான். ஊடகத்தில் அணைவு உடைந்து வெறும் செம்பு அயனி வெளிவந்திருந்தால், பெருமை மஞ்சளுக்கா, செம்புக்கா? அதே உலோக உப்பை அதே செறிவில் பக்கத்திலேயே வைத்துப் பார்க்காத ஆய்வு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

சிறு கல்லூரிகளிடம் பணமில்லை என்பார்கள். அந்த உலோக உப்பின் கரைசல் தோய்ந்த இன்னொரு வில்லைக்கு என்ன பெரிய செலவு? கிருமி வளர்ச்சியை நிறுத்தும் குறைந்தபட்ச அளவைக் காணவும் நுண்குழித் தட்டே போதும். செல் நச்சுச் சோதனைக்குத்தான் வசதி வேண்டும். அதற்குக் கூட்டு முயற்சி தேவை. இன்னொரு வாதம், உலோகங்களிலிருந்து செந்தூரமும் பற்பமும் தந்த சித்த மரபுக்கு நச்சுச் சோதனை எதற்கு என்பது. ஆனால் புதிய சேர்மம் வேறு: மஞ்சள் குழம்பில் பாதுகாப்பானது என்பதால் அதன் செம்பு அணைவும் அப்படியே இருக்க வேண்டியதில்லை. பட்டாசுக்குப் பச்சை நிறம் தரும் பேரியம் உப்பை உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை செய்ததைப் பார்த்த இந்தப் பட்டாசு வட்டாரத்துக்கு உலோகத்தின் இன்னொரு முகத்தை விளக்கவும் வேண்டுமா? அடிப்படை ஆய்வுக்கு மருந்துப் பயன் கட்டாயமில்லை என்ற மறுப்பு மட்டும் நியாயமானது. அப்படியானால் தலைப்பில் மருந்தைப் பற்றிப் பேசக் கூடாது.

2022-இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையோடு வேதியியல் துறைகள் கைகோத்தால், நோயாளிகளிடமிருந்து பிரித்த, மருந்துக்கு அடங்காத கிருமிகள்மேல் சோதனை நடத்தலாம். உப்பின் ஒப்பீடும் குறைந்தபட்ச அளவும் செல் நச்சு முடிவும் இல்லாத ஆய்வேடு 'கிருமிக்கொல்லி' என்ற சொல்லைத் தலைப்பில் தாங்கி வந்தால், விருதுநகர்க் கல்லூரி இணைந்துள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதைத் திருப்பியனுப்ப வேண்டும்.